கல்லெறிந்த பிள்ளைகளும் நாம் சொல்லத் தயங்கிய பாடமும்



தோல் தொழிற்சாலைகளின் கழிவும் பிரியாணிக் கடைகளின் எலும்பும் மிகுந்த ஆம்பூரில் தெருநாய்களுக்கு உணவுப் பஞ்சமில்லை. நமது மத்ரஸாவின் பின்சந்திலும் அவை எப்போதும் உண்டு.

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அச்சந்தில் பெருங்கூச்சல் எழுந்தது. இணைந்தபின் பிரிய இயலாமல், வாலோடு வாலாக நின்ற இரு நாய்கள் மீது நம் மாணவர்கள் கல்லெறிந்துகொண்டிருந்தனர். ஒருவன் வாளித் தண்ணீரை ஊற்றினான். நாம் பிரம்போடு சென்று, "அசிங்கத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே போங்கள்" என அதட்டினோம். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளின் கண்களைக் காப்பதே அப்போது நமது கவலை. அந்த உயிர்கள் படும் வேதனை நினைவில் இல்லை.

இரவு ஓதல் முடிந்ததும் பத்து வயது மாணவன் ஒருவன் அருகில் வந்தான். "ஹஜ்ரத், பாவம் செய்ததால்தான் அல்லாஹ் அந்த நாய்களை ஒட்டவைத்துவிட்டானா?" என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை. சிறுவயதில் நாமும் அப்படியே நம்பிக் கல்லெறிந்தவர்கள்தாம்.

மறுநாள் அறிமுகமான கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்தோம். இணையும்போது ஆண் நாயின் உறுப்பின் அடிப்பகுதி குமிழ்போல் வீங்குகிறது. பெண் நாயின் தசைகள் அதை இறுகப் பற்றுகின்றன. ஐந்து நிமிடம் முதல் அரைமணி நேரம் வரை, சிலவேளை அதற்கு மேலும் இந்நிலை நீடிக்கும். வீக்கம் வடிந்ததும் தாமாகவே பிரிந்துவிடும். இடையில் அடித்து விரட்டினால் இரண்டுக்கும் உட்காயம் ஏற்படக்கூடும். பெண் நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, இரண்டு மூன்று வாரங்கள் பருவத்தில் இருக்கும். ஆண் நாய்கள் கூட்டமாகத் திரிந்து சண்டையிடுவது அந்நாட்களில்தான். கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள்.

இதனை மாணவர்களிடம் எடுத்துரைப்பதா எனத் தயங்கினோம். மார்க்கத்தை அறிந்துகொள்வதில் வெட்கம் தடையாகவில்லை என அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது நினைவுக்கு வந்தது. பெரிய மாணவர்களை அமரவைத்து, கண்ணியமான சொற்களில் விளக்கினோம். சிறுவனிடம், "அது தண்டனையன்று, அல்லாஹ் அவற்றைப் படைத்த விதம். சற்று நேரத்தில் தாமாகவே பிரிந்துவிடும்" என்றோம். மார்க்கக் கட்டளை சுமத்தப்படாத உயிருக்குப் பாவம் ஏது? பூமியில் நடமாடும் உயிரினங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது.

நாயின் எச்சில் அசுத்தம் என்பது சட்டம். அதை வதைப்பதற்கு அச்சட்டத்தில் அனுமதியில்லை. தாகித்த நாய்க்காகத் தன் தோல் காலணியைக் கழற்றி, முந்தானையில் கட்டி, கிணற்று நீர் இறைத்துக் கொடுத்த பாவியான பெண்ணை அல்லாஹ் மன்னித்ததாக புகாரியில் ஹதீஸ் உண்டு. காலணி தைத்துப் பிழைக்கும் ஊரில் வாழும் நாம் அந்தக் காலணியை மறக்கலாமா?

நாய்கள் பெருகுவதால் குழந்தைகள் கடிபடுகிறார்கள் என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால் கல் எண்ணிக்கையைக் குறைக்காது. கருத்தடை அறுவை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாளமிடுவதே 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் காட்டும் வழி. அதை நகராட்சியிடம் கேட்டுப் பெறுவது நமது பொறுப்பு. இது கூடுமா என ஐயுறுவோர்க்கு: பயன் கருதி விலங்குகளுக்குக் காயடிப்பதில் குற்றமில்லை என ஹனஃபி நூலான ஹிதாயா கூறுகிறது.

மாணவர்கள் நாட்களை எண்ணினார்கள். இரண்டு மாதம் கழித்து, மத்ரஸா விறகடுக்கின் கீழ் அந்தப் பெண் நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. குட்டி ஈன்ற நாய் கடிக்கும், நெருங்காதீர்கள் என்று எச்சரித்தோம். அன்று வாளி எடுத்தவனே தூரத்தில் நின்று சிறுவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தான்.

அன்றைய நமது மௌனத்தையும், சிறுவயதில் எறிந்த கற்களையும் வல்ல ரஹ்மான் மன்னிப்பானாக! ஆமீன்.