திண்ணையில் ஒரு குறுக்கு விசாரணை

1981-ல் குமுதத்தில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ தொடராக வந்தபோது, ஸ்ரீரங்கம் மேல உத்திர வீதியில் எங்கள் வீட்டில் அந்த இதழைப் படிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் பாட்டி, பிறகு அப்பா, அப்புறம் சித்தி. எனக்குக் கிடையாது. ஜெயராஜ் வரையும் பெண்களைச் சின்னப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்பது சித்தியின் கட்சி. மத்தியானம் பாட்டி கண்ணயர்ந்ததும் தலைமாட்டிலிருந்து உருவிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன்.

பாட்டிக்கு ஒரு சந்தேகம் தீரவேயில்லை.

“இதே ஊர்ல பாட்டியாத்துல வளந்த புள்ளாண்டான். இங்க எந்தக் காலத்துலடா கொலை விழுந்தது? இவனுக்கு மட்டும் இத்தனை பொணம் எங்கேர்ந்து வரது?”

நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் பெரிய குற்றம் என்றால் காயப்போட்ட வடாம் காணாமல் போவதுதான். நானும் சும்மா இருக்கவில்லை. கொள்ளிடக் கரை, வெள்ளைக் கோபுரம், ஆயிரங்கால் மண்டபம் என்று ஒரு பிணத்தை ஒளிக்கத் தோதான இடம் தேடி அலைந்தேன். எங்கே போனாலும் யாராவது உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுதுகிறவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். “அவர் வக்கீலே இல்லைடா,” என்றார் அப்பா. “ஜோசப் காலேஜ்ல பிஸிக்ஸ். அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இப்ப பெங்களூர் பி.இ.எல்.ல இன்ஜினீயர்.”

நம்ப முடியவில்லை. 1968-ல் ‘நைலான் கயிறு’ எழுதிய நாளிலிருந்து வக்கீல் கணேஷைக் கதாநாயகனாக வைத்து கேஸ் நடத்துகிறவர் கறுப்பு அங்கியே போட்டதில்லையா? பெயர்கூட மனைவியுடையதாம். ஏற்கெனவே குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் இந்த ரங்கராஜன் சுஜாதா ஆனார்.

அவருடைய சொந்த அனுபவம் என்றால் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ என்பார்கள். எனக்கென்னவோ ஊர் அவருடைய கொலைக் கதைகளிலும் ஒளிந்திருப்பதாகத்தான் படுகிறது. புதிதாக ஒருவன் தெருவில் நுழைந்தால் திண்ணை மாமிகள் விடுவார்களா? “யாராத்துக்கு? எங்கேர்ந்து வரே? நேத்திக்கே வரேன்னு சொன்னாளே?” மூன்றாவது கேள்வியில் ஆள் உளறிவிடுவான். கணேஷ் சாட்சிகளை மடக்குவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் காதில் கேட்கும். பிரேதப் பரிசோதனையையும் சட்டப் பிரிவையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்பதை எந்தப் புத்தகத்தில் படிப்பது?

தொடர் வளர வளர வீடு இரண்டு பட்டது. வருவது பேய் என்று பாட்டி, ஏதோ விஞ்ஞானம் என்று அப்பா. கடைசியில் ஹோலோகிராம் என்ற சொல் எங்கள் கூடத்துக்குள் வந்தது. (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க.) இல்லாத உருவத்தை லேசர் ஒளியால் இருப்பதாகக் காட்டலாம் என்று அப்பா ஜெயித்த முகத்தோடு விளக்கினார்.

பாட்டி அசரவில்லை. “சரி, அந்த மெஷினுக்குப் பேய் பிடிக்காதுன்னு யாரு கண்டா?”

அப்பா எழுந்து டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைத் திருகப் போய்விட்டார்.