பதினேழும் மூன்றும்

வன்தட்டு என்பது என்றேனும் ஒருநாள் நின்றுபோகும் பொருள். இந்த ஒரு நம்பிக்கையையே முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கி வளர்ந்த நிறுவனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றான பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கதையை நாங்கள் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் காப்புநகல் மென்பொருள் நிறுவனத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எழுதியதைக் காப்பதும் எழுத்தைச் சேர்ந்த வேலைதான் என்று நாங்கள் நம்புவதே அதற்கான விடை. அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

2007ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட குடியிருப்பு ஒன்றில் அந்நிறுவனம் பிறந்தது. கிளெப் பட்மன், பிரையன் வில்சன் முதலிய நண்பர்கள் சிலர் அதைத் தொடங்கினர். தேவையற்ற மின்னஞ்சல்களைத் தடுக்கும் மென்பொருள் நிறுவனமொன்றில் அதற்கு முன் ஒன்றாகப் பணியாற்றியவர்கள் அவர்கள். வில்சனின் தோழி ஒருவருடைய கணினி செயலிழந்து, அதிலிருந்தவற்றை மீட்டுத் தருமாறு அவர் கேட்டபோது, மீட்பதற்கு நகல் எதுவும் இல்லை. கணினி அறிந்தோர் ஊருக்கெல்லாம் சொல்லும் அறிவுரையைப் பெரும்பாலோர் கடைப்பிடிப்பதில்லை என்பது அவருக்கு உறைத்தது. எனவே, பயன்படுத்துபவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாதபடி, தானாகவே நகலெடுத்துக்கொள்ளும் மென்பொருளை எழுத முடிவெடுத்தனர். ஓராண்டு சம்பளமின்றி உழைப்பது என்றும் தங்களுக்குள் பேசிக்கொண்டனர்.

மாதம் 5 டாலர். கணினியில் எவ்வளவு இருந்தாலும் அதே விலை. இதுதான் அவர்கள் அறிவித்த கட்டணம். ஆனால் கணக்கு உதைத்தது. அமேசான் நிறுவனம் அக்காலத்தில் தன் சேமிப்பிடத்தை 1 கிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் என்று வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. 5 டாலருக்கு 34 கிகாபைட் கூட முழுதாகக் கிடைக்காது. பெரிய நிறுவனங்கள் விற்ற சேமிப்புக் கருவிகளோ எட்டாத விலையில் இருந்தன. ஆகவே கடைகளில் கிடைக்கும் சாதாரண வன்தட்டுகளை வாங்கி, ஒரு சிவப்பு நிறப் பெட்டியில் 45 தட்டுகளை அடுக்கி, தாங்களே கருவி செய்துகொண்டனர். 2009இல் அந்தப் பெட்டியின் வரைபடத்தையும், பயன்படுத்திய உறுப்புகளின் விலைப்பட்டியலையும் ஒளிவின்றி வெளியிட்டனர். 67 டெராபைட் கொள்ளும் ஒரு பெட்டிக்கு ஆன செலவு 7,867 டாலர். 1 பெட்டாபைட் சேமிக்கத் தங்களுக்கு 1,17,000 டாலர் ஆகிறது என்றும், அமேசானில் மூன்றாண்டு வைத்திருந்தால் 28 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றும் ஒப்பிட்டுக் காட்டினர். தொழில் ரகசியத்தைத் தெருவில் வைத்த அந்தச் செயலே அவர்களுக்குக் கிடைத்த பெரிய விளம்பரமாகவும் அமைந்தது.

வளர்ச்சி என்றால் வெற்றிப் படிக்கட்டு என்று எண்ணிக்கொள்கிறோம். இவர்களுடைய வளர்ச்சியில் எங்களை மிகவும் ஈர்த்தது ஒரு வெள்ளம். 2011இன் பிற்பகுதியில் தாய்லாந்து நீரில் மூழ்கியது. உலகின் வன்தட்டு உற்பத்தியில் கணிசமான பங்கு அப்போது அங்கேதான் நடந்தது. 129 டாலருக்கு விற்ற 3 டெராபைட் தட்டு சில வாரங்களில் 349 டாலராயிற்று. பேக்பிளேஸுக்கோ அன்றாடம் புதிய தட்டுகள் தேவை. விலையை உயர்த்தவும் மனமில்லை. சில்லறைக் கடைகளில் விற்கும் வெளிப்புற வன்தட்டுகளின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை என்பதைக் கவனித்தனர். கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டுதான் என்றனர். ஊழியர்களும் அவர்களுடைய நண்பர்களும் உறவினர்களும் ஊர் ஊராகக் கடையேறி இரண்டிரண்டாக வாங்கி வந்தனர். பிளாஸ்டிக் உறையை உடைத்து உள்ளிருக்கும் தட்டை எடுத்துப் பெட்டியில் பொருத்தினர். பஞ்சகாலத்தில் ரேஷன் கடை வரிசையில் குடும்பத்தோடு நின்றவர்களுக்கு இக்காட்சி எளிதில் விளங்கும். முகில் என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட அந்த வானத்துச் சேமிப்பிடம், உண்மையில் யாரோ கடையிலிருந்து கையில் தூக்கி வந்த தட்டு.

அடுத்து அவர்கள் செய்தது, சாவுகளை எண்ணுவது. தங்களிடம் இயங்கிய ஏறத்தாழ 25,000 தட்டுகளின் வாழ்வையும் முடிவையும் கணக்கிட்டு 2013இல் வெளியிட்டனர். முதல் ஒன்றரை ஆண்டில் ஆண்டுக்கு 5.1 விழுக்காடு பழுதாகின்றன. அடுத்த ஒன்றரை ஆண்டில் 1.4 விழுக்காடு மட்டுமே. மூன்றாண்டு கடந்தபின் 11.8 விழுக்காடு. பிறவிக் குறையுள்ளவை தொடக்கத்திலேயே போகும். தேய்ந்தவை இறுதியில் போகும். நடுவில் ஓர் அமைதிக் காலம். நான்காண்டு முடிவில் 80 விழுக்காடு எஞ்சும். அதாவது ஐந்தில் ஒன்று இராது. உங்கள் மேசைமேல் இருப்பது அந்த ஐந்தில் எது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

தட்டுகள் சாகும் என்பதை ஒப்புக்கொண்டதால்தான், அதற்கேற்ற ஓர் ஏற்பாட்டையும் அவர்களால் செய்ய முடிந்தது. 2015 முதல் ஒவ்வொரு கோப்பையும் 17 துண்டுகளாகப் பிரித்து, அந்தப் பதினேழிலிருந்து கணக்கிட்டு மேலும் 3 துண்டுகளை உண்டாக்கி, 20 துண்டுகளையும் 20 தனித்தனிப் பெட்டிகளில் வைக்கின்ற முறைக்கு மாறினர். இருபதில் எந்த மூன்று அழிந்தாலும், எஞ்சிய பதினேழைக் கொண்டு முழுக் கோப்பையும் மீட்டுவிடலாம். ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை இது. குறுவட்டில் கீறல் விழுந்தும் பாட்டு நிற்காமல் ஒலித்தது இதே முறையால்தான். அந்த மூன்று துண்டுகளில் எதுவும் வேறொன்றின் நகலன்று. ஆனால் எது தொலைந்தாலும் அதன் இடத்தை நிரப்பும் ஆற்றல் அவற்றுக்குண்டு.

நம் முன்னோர் இதை வேறு வகையில் அறிந்திருந்தனர். பனையோலைக்கும் ஆயுள் உண்டு; செல்லும் ஈரமும் அதைத் தின்னும். ஆகவே ஓலையைக் காப்பது என்பது பெட்டியில் பூட்டுவதன்று, புதிய ஓலையில் திரும்ப எழுதுவது. எழுதும் கை நின்ற வீடுகளில்தான் ஏடுகள் ஒடிந்து உதிர்ந்தன. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதும், ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்புநோக்கியதும் இதனால்தான். ஒன்றில் சிதைந்த வரி மற்றொன்றில் இருக்கலாம் அல்லவா?

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறோம். எங்கள் வாசகர் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அச்சகமொன்றில் முப்பதாண்டுக் காலம் மெய்ப்புத் திருத்தியவர். பணி ஓய்வுக்குப் பின் கணினி கற்று, தான் பழகிய எழுத்தாளர்களைப் பற்றியும் மறைந்துபோன சிற்றிதழ்களைப் பற்றியும் எழுதிக்கொண்டே இருந்தார். அச்சேறியவை சில, அச்சேறாதவை பல. அவர் மறைந்து இரண்டு வாரத்தில் அவருடைய மடிக்கணினியும் நின்றது. பழுது பார்ப்பவர் தட்டின் மேற்பரப்பே கீறிவிட்டதென்று கையை விரித்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவர் மகள்தான், “அண்ணா, போன வருஷம் அப்பா கம்ப்யூட்டர்ல ஒரு பேக்கப் போட்டு வெச்சேன். அதுல இருக்குமா?” என்று கேட்டார். சந்தா முடியப் பதினொரு நாள் இருந்தது.

இருந்தது. ஓரிரவு முழுதும் இறங்கியது. 11 கிகாபைட்டில் பெரும்பகுதி பேரப் பிள்ளைகளின் படங்களும் பழைய பாட்டுகளும். அவர் வாழ்நாள் முழுதும் எழுதியவை மொத்தமும் சேர்ந்து 40 மெகாபைட்டைத் தாண்டவில்லை. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி திஸ்கியிலும் பாமினியிலும் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஒரே குப்பை. ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களைத் தேடியெடுத்து, மாறாமல் நின்ற எழுத்துகளைக் கையால் திருத்தி முடிக்க எங்களுக்கு நான்கு மாதமாயிற்று. மெய்ப்புத் திருத்தியவரின் எழுத்துக்கு நாங்கள் மெய்ப்புத் திருத்தினோம்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அதில் மூன்று அத்தியாயங்களை எங்களுக்குப் படித்தும் காட்டியிருந்தார். அந்தக் கோப்பு எங்குமில்லை. பின்னர்தான் அச்சேவையின் விதி தெரிந்தது. கணினியில் ஒரு கோப்பை அழித்தால், 30 நாள் கழித்து நகலும் அழிந்துவிடும் என்பதே அப்போது அவர் கணக்கில் இருந்த ஏற்பாடு. அவராகவே அழித்திருக்க வேண்டும். “அப்பாவுக்குத் திருப்தி இல்லேன்னா கிழிச்சுப் போட்டுடுவாரு” என்றார் மகள். கைதவறி அழிந்ததா, வேண்டாமென்று அழித்தாரா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. காப்புநகல் அவருக்கு உண்மையாக நடந்துகொண்டது. அவர் வைத்ததை வைத்திருந்தது, நீக்கியதை நீக்கிவிட்டது. அந்த மூன்று அத்தியாயங்களைக் கேட்ட எங்களுக்கு அது ஆறுதலாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

காப்புநகல் வேறு, காப்பகம் வேறு என்பதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தோம். முன்னது இன்றைய கணினியின் நிழல். பின்னது, எதை வைப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம். நிறுவனத்தால் நிழலை விற்க முடியும். முடிவெடுப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

நிறுவனமும் நிலையான பொருளன்று. பேக்பிளேஸ் 2020இல் 1 எக்சாபைட் என்னும் அளவைத் தொட்டது. 2021 நவம்பரில் பங்கொன்று 16 டாலர் வீதம் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்டது. குடியிருப்பின் ஓர் அறையில் தொடங்கியவர்களுக்கு இது பெரும் உயரம்தான். 5 டாலராகவே பல்லாண்டு நின்ற கட்டணம் 2019இல் 6 ஆகி, 2021இல் 7 ஆகி, 2023இல் 9 ஆயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தட்டு வாங்கவும், மின்சாரத்துக்கும், ஆட்களுக்கும் பணம் வேண்டும். ஆனால் அவர்களே கற்பித்த பாடத்தை அவர்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். எல்லாத் தட்டும் நின்றுபோகும் என்றால், எல்லா நிறுவனமும் ஒருநாள் நின்றுபோகலாம், விற்கப்படலாம், நோக்கம் மாறலாம். சந்தா கட்டும் கை நின்றாலும் நகல் நிற்கும். ஓலைக்கு நேர்ந்ததும் அதுவே.

பெரியவரின் எழுத்துகள் இப்போது மூன்று ஊர்களில், நான்கு வீடுகளில், தனித்தனித் தட்டுகளில் உள்ளன. இணையத்தில் ஒரு படியும், தாளில் அச்சிட்டுக் கட்டிய ஒரு படியும் உண்டு. கடவுச்சொல் எழுதிய தாள் அவர் மகளிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் போகியன்று நால்வரும் அவரவர் தட்டைத் திறந்து, ஏதேனும் ஒரு கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறோம். திறந்து படிக்காத நகல் இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. வாசகர்களும் தங்கள் வீட்டில் எழுதுகிற யாரேனும் இருந்தால், அவருடைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளலாம். அவர் நன்றாக இருக்கும்போதே கேட்பது நல்லது. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து.