பதலோனாவில் ஒரு கூடைப்பந்து மாலை

வானொலியில் விளையாட்டுச் செய்திக்கு எனக்குக் கிடைப்பது அதிகபட்சம் அரை நிமிடம். யார் வென்றார்கள், எத்தனைக்கு எத்தனை, அதிகப் புள்ளி எடுத்தவர் யார். அவ்வளவுதான், அடுத்தது பாட்டு. பத்து வருடமாக இப்படித்தான் வாசித்து வந்தேன். இதில் ஏதோ விடுபடுகிறது என்பது போன ஆண்டு விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போனபோதுதான் உறைத்தது.

பார்சலோனாவுக்குப் போகிறவர்கள் சாக்ரடா ஃபமிலியா தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்த வாசலில் இருக்கும் மெட்ரோ நிலையத்திலேயே ஊதா நிறத் தடத்தில் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் கோர்க் நிலையத்தில் இறங்கலாம். அதுதான் பதலோனா. மத்தியதரைக் கடலோரத்தில், பார்சலோனாவை ஒட்டியே இருக்கும் ஊர். சுற்றுப்பயணிகள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கூடைப்பந்து ரசிகர்களுக்கு அது ஒரு கோயில் ஊர் மாதிரி.

1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆட்டங்கள் நடந்தது இங்கேதான். மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லேரி பேர்ட் மூவரும் ஒரே அமெரிக்கச் சட்டையில் ஆடித் தங்கம் வென்ற அரங்கம், இன்று உள்ளூர் குழுவான ஜுவென்டுட்டின் வீடு. 1930இல் தொடங்கிய அந்தக் குழுவை ஊர்மக்கள் ‘பென்யா’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். பச்சையும் கறுப்பும் அதன் நிறங்கள்.

நான் போனது ஒரு சனிக்கிழமை மாலை. பக்கத்து இருக்கையில் பச்சைக் கழுத்துத் துணி சுற்றிய ஒரு மூதாட்டி. பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியையாம். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம், கையில் பென்சில். ஆட்டம் தொடங்கியதும் கட்டம் கட்டமாகக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

முதல் பாதி முடிந்ததும் கைப்பேசியில் லீக்கின் ஆட்டக் குறிப்பைத் திறந்து காட்டினார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. ஆடிய நிமிடங்கள், புள்ளிகள், ரிபவுண்ட், அசிஸ்ட், பறித்த பந்து, இழந்த பந்து, செய்த ஃபவுல், வாங்கிய ஃபவுல் என்று நீண்டுகொண்டே போனது. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘வலோராசியோன்’, அதாவது மதிப்பீடு. “முதலில் இதைப் பார்” என்றார்.

இது 1991இல் ஸ்பெயின் லீக் உருவாக்கிய கணக்கு. இன்று யூரோலீக்கும் இதைப் பயன்படுத்துகிறது. செய்முறை எளிதுதான். புள்ளி, ரிபவுண்ட், அசிஸ்ட், பறித்த பந்து, தடுத்த எறிதல், வாங்கிய ஃபவுல் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். தவறிய எறிதல்கள், இழந்த பந்து, எதிராளி தடுத்துவிட்ட எறிதல், செய்த ஃபவுல் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மீதிதான் மதிப்பு.

அவர் நோட்டின் ஓரத்தில் ஓர் உதாரணம் போட்டுக் காட்டினார். ஒருவர் 16 புள்ளி எடுக்கிறார். 2 ரிபவுண்ட், 1 அசிஸ்ட், 1 ஃபவுல் வாங்குகிறார். கூட்டினால் 20. ஆனால் 9 எறிதல் தவறுகிறது, 4 முறை பந்தை இழக்கிறார், 3 ஃபவுல் செய்கிறார். கழித்தால் மிச்சம் 4. இன்னொருவர் எடுப்பது வெறும் 4 புள்ளி. ஆனால் 6 ரிபவுண்ட், 3 அசிஸ்ட், பறித்த பந்து 2, வாங்கிய ஃபவுல் 4. மொத்தம் 19. ஓர் எறிதல் தவறு, ஓர் இழப்பு, 3 ஃபவுல் போக மதிப்பு 14.

என் அரை நிமிடச் செய்தியில் இவர்களில் யார் பெயர் வரும்? 16 புள்ளிக்காரர்தான்.

எனக்குத் தம்பி நினைவு வந்தது. கிள்ளானில் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது கூடைப்பந்து ஆடினான். குழுவில் இந்திய மாணவன் அவன் ஒருவன்தான். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பார், “எத்தனை போட்டே?”. “ரெண்டுப்பா” என்பான். சில நாள், “ஒண்ணும் இல்லப்பா”. “அப்புறம் எதுக்குடா போறே?” என்பார் அப்பா. படிவம் நான்கில் விளையாட்டை விட்டுவிட்டான். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. எஸ்பிஎம் முடிவு வந்தால் நாம் எல்லாருமே “எத்தனை ஏ?” என்றுதானே கேட்கிறோம்?

அதற்காக இந்த மதிப்பீடு தவறே இல்லாத தராசு என்று நினைக்க வேண்டாம். எதிராளியை நெருக்கி, அவரை மோசமாக எறிய வைத்தவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் அந்த ஆசிரியையின் நோட்டில், லீக்கின் குறிப்பில் இல்லாத ஒரு கட்டம் இருந்தது. எதிராளியைத் தாண்ட விடாமல் நிறுத்தியவருக்கு அதில் ஒரு கோடு.

இந்த ஊர் அப்படிக் கணக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. 1992இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் பென்யா ஒரே புள்ளியில் பார்ட்டிசானிடம் தோற்றது. பார்ட்டிசானின் பயிற்றுநர் ஸெல்கோ ஒப்ராடோவிச். 1994இல் அதே ஒப்ராடோவிச் பென்யாவின் பயிற்றுநராக இருந்து அந்தக் கிண்ணத்தை வாங்கித் தந்தார். ஒலிம்பியாகோஸை வென்றது 59-57 என்ற கணக்கில். இரண்டு குழுவும் 60ஐத் தொடவில்லை. தடுத்தே வென்ற ஆட்டம் அது. 2005இல் 14 வயதில் இங்கே களமிறங்கிய ரிக்கி ரூபியோவும் எறிவதைவிடப் பந்தைக் கொடுப்பதிலும் பறிப்பதிலும்தான் பெயரெடுத்தார். 2019 உலகக் கிண்ணத்தின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

ஆட்டம் முடிந்ததும் அந்த உதாரணத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். நம்மூரில் அப்போது விடியற்காலை. காலையில் பதில் வந்திருந்தது: “அக்கா, இத அப்பாவுக்கு அனுப்பு.”

அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அப்பா அழைத்தார்.

“இந்த ரிபவுண்டுன்னா என்னம்மா?”

“குறி தப்பித் திரும்பி வர்ற பந்தப் பிடிக்கிறதுப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “தம்பி எத்தனை பிடிப்பான்?”

“தெரியலப்பா. யாரும் எழுதி வைக்கல.”