கடைசி நாலு நாள்

பிரயாணத்தின் முதல் நாட்கள் ஊரைப் பார்ப்பதில் போகும். நடு நாட்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வதில் போகும். கடைசி நாட்கள் கணக்குப் பார்ப்பதில் போய்விடும். ராமேசுவரம் போனாலும் சரி, ஐரோப்பா போனாலும் சரி, இந்த விதி மாறுவதில்லை. எத்தனை ஊர் பாக்கி, எத்தனை பணம் பாக்கி, பெட்டியில் இன்னும் எத்தனை கிலோவுக்கு இடம் பாக்கி என்று மனம் சதா கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். எதிரே நிற்பது மாதா கோவிலா, மாட்டுத் தொழுவமா என்பதுகூடக் கண்ணில் படாது.

நானும் என் மனைவியும் 2025-ம் வருஷம் செப்டம்பரில், ஒரு வாடகைக் காரில் 14 நாட்கள் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் சின்னச் சின்ன ஊர்களாகச் சுற்றினோம். பிராங்பர்ட்டில் எடுத்த வண்டியைப் பெட்ரோல் நிரப்பிப் பிராங்பர்ட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் ஓட்டினேன், அவள் வழி சொன்னாள். வழி சொல்வதற்கென்றே செல்போனுக்குள் இன்னொரு அம்மாளும் இருந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் வேறு வேறு பக்கம் திரும்பச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் ஏற்பட்டதில்லை. கல்யாணமாகி 20 வருஷம் ஆகிறதல்லவா?

கடைசி நாலு நாட்களில் முதல் நாள், கறுப்புக் காடு என்று சொல்லப்படும் மலைப் பிரதேசத்தில் டிரைபெர்க் என்ற ஊரில் இருந்தோம். அந்த வட்டாரத்தின் பிரசித்தி குயில் கடிகாரம். மணி அடிக்கும்போது சின்னக் கதவைத் திறந்துகொண்டு மரக்குயில் எட்டிப் பார்த்துக் கூவுகிறதே, அதுதான். உள்ளே இரண்டு சிறு துருத்திகளும் இரண்டு குழல்களும் இருக்கின்றன. ஒரு துருத்தி 'குக்' என்கிறது; அடுத்தது 'கூ' என்கிறது. அவ்வளவுதான் சங்கீதம். கீழே பைன் மரத்துக் காய் போன்ற இரும்புக் குண்டுகள் சங்கிலியில் தொங்குகின்றன. தினம் ஒருமுறை சங்கிலியை இழுத்துக் குண்டை மேலே ஏற்றிவிட்டால் மறுநாள் வரை ஓடும்.

"சின்ன அண்ணா வீட்டுக்கு ஒன்று வாங்கலாம்" என்றாள்.

வாங்கினோம். பெரிய அண்ணாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது ஆறு வருஷமாக வீட்டில் எழுதப்படாத சட்டம்.

விஷயம் வேறொன்றுமில்லை. என் மாமனார் காலமான பிறகு பூர்வீக வீடு இரண்டு பாகமாயிற்று. நடையில் முக்கால் அடி யாருக்கு என்ற இடத்தில் வாய்த் தகராறு வந்தது. முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. துளசி மாடம் ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி தம்பி கட்சி. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காலெடுத்து வைத்து ஆறு வருஷம்.

மறுநாள் பிரைபர்க். தெருவோரமாக ஒரு முழ அகலத்தில் சின்ன வாய்க்கால்கள் சலசலவென்று ஓடுகிற ஊர். வெளியூர்க்காரன் கால் இடறி அந்தத் தண்ணீரில் விழுந்தால் அவனுக்கு அந்த ஊர்ப் பெண்தான் மனைவியாக வாய்ப்பாள் என்று உள்ளூரில் சொல்வார்கள். இதை நான் படித்துச் சொன்னதும் என் மனைவி, "இந்தப் பக்கமா நடங்க" என்று என்னை நடுத்தெருவுக்கு இழுத்துக்கொண்டாள். அங்கே 116 மீட்டர் உயரத்தில் ஒரு மாதா கோவில் கோபுரம் நிற்கிறது. 1944-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் சுற்றியிருந்த வீடுகளில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாயின. கோபுரம் தப்பியது.

அங்கிருந்து மேற்கே போனால் ரைன் நதி. நதியைத் தாண்டினால் பிரான்ஸ். ஒரு பாலத்தில் ஏறி இறங்கினோம். சற்றுத் தூரம் போனதும் கடைப் பலகைகளில் பாஷை மாறியிருப்பதைக் கவனித்து, "எல்லை எப்போங்க வரும்?" என்று கேட்டாள்.

"வந்து போய்விட்டதே!"

"ஒரு கம்பி கூட இல்லையே?" என்றாள். அவளுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

நாங்கள் வந்து சேர்ந்த பிரதேசத்துக்கு அல்ஸாஸ் என்று பெயர். 1871-ல் ஜெர்மனி அதை எடுத்துக்கொண்டது. முதல் யுத்தத்துக்குப் பின் 1918-ல் பிரான்ஸ் திருப்பி எடுத்துக்கொண்டது. 1940-ல் ஹிட்லர் பிடித்தான். யுத்தம் முடிகிற தறுவாயில் மறுபடி பிரான்ஸ். 1870-ல் அங்கே பிறந்து 75 வயது வாழ்ந்த ஒரு கிழவன், தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நாலு தடவை தேசம் மாறியிருப்பான்!

கோல்மார் என்ற ஊரில் ஒரு பழைய சித்திரத்தைப் பார்த்தோம். மத்தியாஸ் குரூனெவால்ட் என்பவர் 1512-லிருந்து 1516-க்குள், ஈஸன்ஹைம் என்ற ஊரின் மடாலயத்துக்கு எழுதியது. ரை என்ற தானியத்தில் வளரும் பூஞ்சக்காளானைத் தின்று, கைகால் தீயில் வெந்தது போல் எரிந்து கறுத்துப் போகும் வியாதி அக்காலத்தில் இருந்தது. அந்த மடத்துச் சந்நியாசிகள் அப்படிப்பட்ட நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள். சித்திரத்தில் சிலுவையில் தொங்கும் ஏசுவின் மேனி முழுவதும் புண்ணும் முள்ளுமாக இருக்கிறது. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் வலியோடு வந்து படுத்திருந்தவனுக்குத் தன் வலியை அறிந்த ஒருவன் எதிரே இருக்கிறான் என்று தோன்றியிருக்கும்.

என் மனைவி வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். வெளியே வந்து காப்பி குடிக்கும்போது திடீரென்று, "பெரிய அண்ணாவுக்குப் போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆச்சாம்" என்றாள். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே இருந்தேன். இம்மாதிரி சந்தர்ப்பத்தில் புருஷன் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

மூன்றாம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க். இளஞ்சிவப்புக் கல்லில் 142 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் கோபுரத்தோடு நிற்கும் அதன் கதீட்ரலைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த ஊரென்றால் நினைவுக்கு வருவது, குடியரசுச் சதுக்கத்தின் தோட்டத்தில் இருக்கும் ஒரு சிலைதான். ஜெர்மானியர் ஆட்சியில் அந்தச் சதுக்கத்துக்குச் சக்கரவர்த்தியின் பெயர் இருந்தது.

யுத்தத்தில் மாண்டவர்களுக்கு 1936-ல் எழுப்பிய ஞாபகச் சின்னம் அது. செய்தவர் லியோன் துரிவியே. ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். சாகும் தறுவாயில் இரண்டு பிள்ளைகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளின் உடம்பில் துணியில்லை. யூனிபாரம் இருந்தால்தானே எந்தப் பட்டாளம் என்று சொல்லலாம்? ஒருவன் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டவன், ஒருவன் பிரான்ஸுக்காக என்று சொல்கிறார்கள். மற்ற ஊர்ச் சின்னங்களில் 'பிரான்ஸுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று எழுதியிருக்கும். இங்கே, இறந்துபோன எங்களவர்களுக்கு என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காக என்று எழுத முடியவில்லை.

சிலை வைத்த பிறகும் துயரம் தீரவில்லை. இரண்டாம் யுத்தத்தில் அல்ஸாஸிலிருந்தும் பக்கத்து மோஸெல் ஜில்லாவிலிருந்தும் சுமார் 1,30,000 பேரைக் கட்டாயமாக ஜெர்மன் பட்டாளத்தில் சேர்த்தார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் சரித்திரத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா இருந்திருந்தால் சுவர் வைக்க விட்டிருப்பாளா?" என்றாள்.

அன்று மாலை ரைன் கரைக்குப் போனோம். அக்கரையில் கேல் என்ற ஜெர்மன் ஊர். இடையே 2004-ல் கட்டிய நடைபாலம் ஒன்று இருக்கிறது. இரண்டு பாதைகள் வளைந்து வந்து நதியின் நடுவே ஒரு மேடையில் சேருகின்றன. பையன்கள் சைக்கிளில் ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்கள் துப்பாக்கியுடன் நின்ற நதிக்கரை அது.

அன்றிரவு நான் கடைசி நாளின் கணக்கைப் போட்டேன். விமானம் ராத்திரிதான். வழியில் பாடன்-பாடன் இருக்கிறது. 1867-ல் தாஸ்தாயெவ்ஸ்கி சூதாடித் தோற்று, மனைவியின் நகைகளை அடகு வைத்த ஊர். கதை எழுதிப் பிழைக்கிறவன் அதைப் பார்க்காமல் வரலாமா? இந்தப் பிரயாணத்தில் நான் எனக்கென்று கேட்டுக்கொண்ட ஊர் அது ஒன்றுதான்.

"டிரைபெர்க்குக்குத் திரும்பப் போக முடியுமாங்க?" என்றாள் அவள்.

டிரைபெர்க் தெற்கே. பிராங்பர்ட்டோ வடக்கே. இரண்டு ஊருக்கும் போனால் விமானம் கிடைக்காது.

"இன்னொரு கடிகாரம் வேண்டும். அதே மாதிரி. கொஞ்சம் கூடக் குறைய இருக்கக் கூடாது" என்றாள்.

காரணத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாஸ்தாயெவ்ஸ்கி எங்கும் போய்விட மாட்டார்.

காலையில் ரைன் பாலத்தைத் தாண்டும்போது ஜெர்மன் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். 1995-ல் எடுத்துவிட்ட எல்லைச் சோதனையை 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றுக்கும் மறுபடி கொண்டுவந்திருந்தது. எட்டிப் பார்த்துக் கையை அசைத்து அனுப்பிவிட்டார்கள். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "எடுத்த சுவரைத் திரும்ப வைப்பார்களா?" என்றாள். வைப்பார்கள் போலத்தான் இருக்கிறது. சுவரை எடுப்பது ஒரு நாள் காரியமல்ல. தினம் எடுக்க வேண்டிய காரியம்.

டிரைபெர்க்கில் அதே கடையில் அதே கடிகாரம் கிடைத்தது. விமான நிலையத்தில் பெட்டியின் எடை 23 கிலோவைத் தாண்டியது. என்னுடைய கனத்த கோட்டை அந்த வெப்பத்தில் நான் உடுத்திக்கொண்டேன். வேறு வழியில்லை.

ஊருக்கு வந்து இரண்டு கடிகாரங்களையும் அவளே எடுத்துக்கொண்டு போனாள். சின்ன அண்ணா வாங்கிக்கொண்டு, இன்னொரு பொட்டலம் யாருக்கு என்று கேட்டாராம். அவள் பதில் சொல்லாமல் வாசலுக்கு வந்து, பக்கத்துப் படியேறினாளாம். பெரிய அண்ணா ஒன்றும் பேசவில்லையாம். மன்னி மட்டும், "காப்பி சாப்பிட்டுட்டுப் போ" என்றாளாம்.

அண்ணனும் தம்பியும் இன்னும் பேசவில்லை. ஆனால் குயிலுக்குச் சுவர் தெரியாது. மணிக்கு மணி, இந்தப் பக்கம் கூவுவது அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் கூவுவது இந்தப் பக்கமும் கேட்கிறது. போன வாரம் பெரியவர் வீட்டுக் குயில் நின்றுவிட்டதாம். எந்தச் சங்கிலியை இழுப்பது என்று கேட்டுவர, அவர் பேரனைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாராம். என் மனைவி இதை டெலிபோனில் கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.