ஓசியில் ஒரு நாய்

நாய் வளர்க்கும் ஆசை வந்ததும் நம்மவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் பெட் ஷாப். 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சின்னப் பையன் பின்னாலேயே ஓடினாலும் ஓடியது, ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். சப்பை மூக்கு, வெயில் ஏறினால் மூச்சு விடவே திணறும். அப்புறம் ஹஸ்கி மோகம். பனிப் பிரதேசத்துக்கான ரோமத்தோடு பிறந்ததைக் கொண்டுவந்து சென்னையில் ஏ.சி. ரூமில் பூட்டி வைக்கிறார்கள். (கரண்ட் போனால்?)

காசு கொடுத்து வாங்காமல் தத்து எடுக்கவும் வழி இருக்கிறது. அடிபட்ட, கைவிடப்பட்ட நாய்களை மீட்டுப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் இருக்கின்றன. சென்னையில் 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

"ஓசிதானே" என்று கிளம்புகிறவர்களுக்கு நல்ல காப்பகத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். கேள்விகள்! சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொண்டாரா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே? பொண்ணு பார்க்கிற இடத்தில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்களே என்று எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழப்போகிற ஜீவன் அது. ஏற்கனவே ஒரு வீட்டுக்காரர் தெருவில் விட்டுப் போனதை இன்னொருவரும் விட்டுவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றுமே கேட்காமல் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிற இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காமர்ஸ்காரர்கள் கணக்கில் பார்த்தால், நாயின் விலை என்பது ஒரே ஒரு என்ட்ரி. சாப்பாடு, வருஷா வருஷம் தடுப்பூசி, பூச்சி மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் ஓசி நாய்க்கும் அதேதான்.

அங்கே போகிறவர்களில் பலர் கேட்பது குட்டிதான். குட்டி அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ என்கிற எமன் இருக்கிறான். கிருமி உள்ளே போய் சில நாள் கழித்துத்தான் வாந்தியும் ரத்தபேதியும் தெரியும். துள்ளிக்கொண்டு வந்த குட்டி அந்த வாரமே சுருண்டுவிடலாம். எந்தெந்த ஊசி எப்போது போட்டது என்று எழுதிய அட்டையைக் கையோடு கேட்டு வாங்க வேண்டும்.

வளர்ந்த நாட்டு நாயைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உண்மையில் முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு அதுதான் சுலபம். இனிமேல் எவ்வளவு பெரிசாகுமோ என்ற பயமில்லை. குணம் எப்படி என்று பார்த்துக்கொள்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் கருத்தடை ஆகியிருக்கும், காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் அதுதான் அடையாளம். நம் வெயிலும் அதற்குப் பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சாப்பிடாது. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுபோய் விடுகிற அவசரம் அப்போதுதான் வரும். சில வாரமாவது பொறுக்க வேண்டும். அதுவரை கயிறு இல்லாமல் கேட்டைத் திறக்கவே கூடாது. பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து ஓடினால், திரும்பி வர அந்தப் புது வீட்டின் வழி அதற்குத் தெரியாது.