புழுதிக்குத் தேறாத போன்கள்

புதுப் போன் ஒன்று சந்தைக்கு வந்ததும் யூடியூபில் அதைப் பிரித்துக் காட்டும் பிள்ளைகள் தவறாமல் செய்கிற காரியம், அதை வாளித் தண்ணீருக்குள் முக்கி எடுப்பது. ஐபி 68 என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். அதில் இரண்டாவது எண் தண்ணீருக்கு, முதல் எண் தூசிக்கு. எட்டைப் பற்றி ஊரே பேசுகிறது. ஆறைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்த்தால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே நினைத்தபோதெல்லாம் மழை. புழுதியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஆனால் கடையில் ஒரு போனைக் கையில் எடுத்ததும் எனக்குப் பாதி மனசு ஊருக்கு, திருச்சுழிப் பக்கம் போய்விடும். அருப்புக்கோட்டையில் குழாயில் தண்ணீர் வருவதே தெருவில் பேசிக்கொள்ளும் செய்தி. அங்கே ஒரு போன் தண்ணீருக்குள் விழ வேண்டுமென்றால், முறை வைத்துத் தண்ணீர் விடும் நாளாகப் பார்த்துத்தான் விழ வேண்டும். புழுதிக்கு முறை கிடையாது, எல்லா நாளும் வரும். 

நான் கருவிப் பைத்தியம் பிடித்தவன். சிங்கப்பூர் வந்து சேர்த்த முதல் பணத்தில் வாங்கியது ஒரு வாக்மேன். சிம் லிம் ஸ்கொயரின் மாடிகளில் ஒன்றும் வாங்காமல் சுற்றிவருவது இன்றைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஆகவே நான் சொல்லப்போவது நிபுணர் கருத்து அல்ல. சொந்தக் காசில் வாங்கிப்போய்ச் சொந்தக்காரர்களிடம் ஏச்சு வாங்கியவனின் அபிப்பிராயம்.

எங்கள் ஊர்க் கரிசல் மண் மழையில் நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மாவாகிப் பறக்கும். கதவைச் சாத்தி வைத்தாலும் டிவி பெட்டியின் மேல் விரலால் பேர் எழுதலாம். போன ஆடியில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகும் என் சித்தப்பா மகனின் போன் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த போன். திருச்சுழி ரோட்டில் ஒரு செல் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரத் தம்பி பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்து, சார்ஜர் சொருகும் வாய்க்குள் ஒரு மெல்லிய ஊசியை விட்டு அடிப்பக்கம் மெதுவாக நெம்பினார். கருப்பும் வெள்ளையுமாகத் திரித் திரியாக வெளியே வந்தது. பழைய பல் பிரஷ்ஷைத் தின்னரில் தொட்டு ரெண்டு தேய், ப்ளோயரால் ஒரு ஊது. சார்ஜ் ஏறத் தொடங்கியது.

"போன் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மில்லுப் பஞ்சு பாதி, நம்ம ஊரு மண்ணு பாதி. மாசம் ஒருக்கா வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வெக்கையும் இதே கதைதான். ஐபோனோடு வரும் குறிப்பில் அதைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசிப் பகலில் 35 என்பது காலை நேரத்துக் கணக்கு. மோட்டார் சைக்கிள் டேங்க் கவரில் வைத்த போன் பந்தல்குடி போய்ச் சேர்வதற்குள் 'சூடு ஆற விடவும்' என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். இங்கே மூன்று வருஷம் உழைக்கும் பேட்டரி அங்கே அதற்கு முன்பே வீங்கிப் பின்மூடியைத் தள்ளும். குளிர்சாதன அறையில் வைத்துச் சோதித்து ஐந்து நட்சத்திரம் கொடுத்த விமர்சகருக்கு இது எப்படித் தெரியும்?

எங்கள் மண்ணை மனசில் வைத்து யாருமே எதையும் செய்ததில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2003-இல் வந்த நோக்கியா 1100 இருக்கிறதே, அதன் பொத்தான்களுக்கு மேலே ஒரே ரப்பர் விரிப்பு, தூசி உள்ளே இறங்க இடுக்கு இருக்காது. வியர்த்த கையில் வழுக்காத பக்கங்கள். உச்சியில் டார்ச். பேட்டரியை நகத்தால் கழற்றலாம். 25 கோடிக்கு மேல் விற்றது அந்த ஒரு மாடல். ராத்திரியில் கடலைக் காட்டுக்குக் காவல் போனவர்கள், சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விடிய விடிய முழித்திருப்பவர்கள் எல்லோர் மடியிலும் அது இருந்தது. என் அபிப்பிராயத்தில் இதுவரை வந்த போன்களிலேயே உயர்ந்தது அதுதான். படம் எடுக்காது, பாட்டுப் பாடாது. இருக்கட்டும்.

என்னிடமும் ஒன்று இருந்தது. இங்கே மேசை டிராயரில் கீறல் இல்லாமல் வைத்திருந்தேன். 2017 ஏப்ரலில் சிங்கப்பூரில் 2ஜி அலைவரிசையை மூடினார்கள். அத்தோடு அந்தப் போனுக்கு சிக்னல் போனது. ஒரு திருகு கூடக் கழலவில்லை, பேட்டரியில் சார்ஜும் நின்றது, ஆனால் செத்துவிட்டது. ஊருக்கு எடுத்துப்போய் மாமாவிடம் கொடுத்து சிம்மைப் போட்டதும் மணி அடித்தது. இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. 2019 தொடங்கியதும் இங்கே பழைய அலைவரிசைத் தொலைக்காட்சி ஒளிபரப்பையும் நிறுத்தினார்கள். தமிழ் ஒளிவழியான வசந்தம் பார்க்க டிஜிட்டல் பெட்டி வேண்டும் என்றாயிற்று. குடிமக்களுக்கு அரசாங்கம் வவுச்சர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது, அதை மறைக்கக் கூடாது. 2024-இல் 3ஜியின் முறை வந்தது. குடியேறிய நாட்டில் கருவிகள் தேய்ந்து சாவதில்லை, ஆணையால் சாகின்றன. எங்கள் ஊரில் அவை புழுதியில் சாகின்றன. எனக்குப் புழுதியே மேல். அதை ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம்.

பாட்டும் படமும் இந்த ஆணைக்குள் வந்துவிட்டது எனக்குப் பெரிய மனக்குறை. சின்ன வயசில் எங்கள் பக்கம் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி துல்லியமாக எடுக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டவர்களுக்கு அறிவிப்பாளர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் குழித்தறிக்கு மேலே ஆணியில் ரேடியோ தொங்கும். நாடா ஓடும் சத்தத்துக்குள் பாட்டு நன்றாகவே கேட்கும். விசைத்தறி வந்த வீடுகளில் அந்த ரேடியோ அடங்கியது, அலுப்பினால் அல்ல, தறியின் இரைச்சலினால். இப்போது அதே தறிக்கூடங்களில் பையன்கள் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு எந்திரம் பிடுங்கிக்கொண்டதை இன்னொரு எந்திரம் திருப்பிக் கொடுத்திருக்கிறது, ஆளுக்கு ஒரு பாட்டாக.

அதற்குப் பிறகு கேசட். சிங்கப்பூர், துபாய் போனவர்கள் கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் இருக்கிற வீட்டில் பெண் கேட்கவே ஒரு தனி மரியாதை. ரெக்கார்டிங் கடையில் வெள்ளைத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்போம். தொண்ணூறு நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து, சுமாராகப் பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்காரரோடு சண்டை. தொண்ணூறில் டேப் மெல்லிசு, சிக்கிக்கொள்ளும். விஷயம் தெரிந்தவர்கள் அறுபதுதான் வாங்குவார்கள். அந்தக் கேசட்டுகளில் சில டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. பாடுகிற செட்டு ஒன்று கிடைத்தால் பாடும். யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

இன்றைக்கு நான் மாதம் தவறாமல் சந்தா கட்டுகிற ஒரு படச் செயலியில், ஊரில் என் மச்சான் பார்க்கிற படம் எனக்கு வராது. 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று சொல்லும். தமிழ்ப் படம், தமிழ் பேசுகிற ஆள், காசும் கட்டியாயிற்று, ஆனாலும் கிடைக்காது. மின்னூலாவது வாங்கினால் நம்முடையது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அவர்களுடைய கிண்டில்களிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவல் அது. ஆர்வெல்லே இதைக் கதையில் எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்பார்கள். 

அருப்புக்கோட்டைக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது சட்டப்படி சரியில்லைதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நெட்வொர்க் விட்டு விட்டு வரும் கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவருக்குச் சந்தாப் பாட்டு எப்படிக் கேட்கும்? போனுக்குள்ளேயே ரேடியோ இருந்தால் போதும். 2023-இல் இந்திய அரசு போன்களில் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்குத் தெரிந்து அண்மையில் வந்த ஆலோசனைகளில் உருப்படியானது அது.

ஆடு என்றதும் நினைவுக்கு வருகிறது. மாமாவுக்கு ஒரு கைப்பட்டை வாங்கிப் போனேன், அடி எண்ணுகிற வகை. ஒரு நாளைக்கு 10,000 அடி என்கிற அந்த இலக்கு மருத்துவர்கள் வகுத்ததல்ல; 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மாமா ஆடுகளின் பின்னால் போய்ப் பொழுது உச்சிக்கு ஏறுமுன் அதைத் தாண்டிவிடுவார். உடனே பட்டை அதிர்ந்து வாழ்த்துச் சொல்லும். "ஏன்டா மாப்ள, இது எதுக்குக் கையில கிச்சுக்கிச்சு மூட்டுது?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். சரியான விமர்சனம். நான் அதையே வழிமொழிகிறேன்.

திட்டிக்கொண்டே போகிறேன் என்று தோன்றலாம். 2013-இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுக்காக அத்தனை கம்பெனிகளையும் மன்னித்துவிடலாம். அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. மைக் படத்தை அழுத்தத் தெரியும். "ஏய்யா, சாப்பிட்டியா? கெழக்க கருக்கலா இருந்துச்சு, ரெண்டு தூத்தல் போட்டுட்டுப் போயிருச்சு. உளுந்துக்குப் பத்தாது. சரி, வச்சிரவா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காகச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியும் பதிவாகியிருக்கும். எம்ஆர்டி ரயிலில் நின்றபடி அதைக் கேட்டு, நானும் 'வச்சிருங்கம்மா' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

முன்பு ஊருக்குப் போகும்போது நாங்கள் தூக்கிப்போனதெல்லாம் வேறு சாமான். தட்டை டிவி அட்டைப்பெட்டிகள் திருச்சி விமான நிலையத்தில் வரிசையாக இறங்கிய காலம் உண்டு. 2013 ஆகஸ்ட் 26 முதல் அவற்றுக்குச் சுமார் 36 சதவீதம் வரி என்றானதும் பெட்டிகள் குறைந்தன. இப்போது போன் கொண்டுபோவதும் கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014-இல் மூடினாலும், அதே வட்டாரத்தில் இப்போது ஐபோன் பூட்டுகிறார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் சேர்த்து. ஆர்ச்சர்டு சாலைக் கடைக் கண்ணாடிக்குள் பளபளக்கும் பொருளை அவர்கள் கை தொட்டிருக்கலாம்.

திருச்சுழியிலிருந்து தென்கிழக்கே கமுதியில் 2016-இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. சுமார் 25 லட்சம் தகடுகள். அவற்றின் மேல் படியும் புழுதியைத் துடைக்க எந்திரங்களை வைத்திருக்கிறார்கள். அந்த எந்திரங்களும் வெயிலிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆக, கரிசல் புழுதிக்குக் கருவி செய்ய முடியும். புழுதியால் தன் வருமானம் குறையும் என்றால்தான் கம்பெனிக்காரன் கண்ணுக்கு அது தெரிகிறது. 1100 செய்தவனுக்கும் அப்படித்தான். எங்கள் காசு அவனுக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளோடு, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவருகிறது. சிங்கப்பூரிலும் 2014 முதல் ரிப்பேர் கோப்பிதியாம் என்ற பெயரில் தொண்டர்கள் கூடி, பழுதானதைத் தூக்கிப் போடாமல் சரிசெய்யக் கற்றுத்தருகிறார்கள். ஒரு முறை போய்ப் பாருங்கள்.

வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு, அத்தைக்கு என்று போன் வாங்குவதற்கு முன் ஊரில் உள்ள ரிப்பேர் கடைக்கு ஒரு போன் போட்டு, இந்த மாடலுக்கு டிஸ்பிளேயும் பேட்டரியும் கிடைக்குமா என்று கேளுங்கள். 'ஆர்டர் போட்டு மெட்ராஸ்ல இருந்து வரணும் அண்ணாச்சி' என்று இழுத்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.