கறுப்புக்கு ஆயுசு எத்தனை?

உங்கள் வீட்டில் இரும்புத் தோசைக் கல் இருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் ஏனாத்தூர் வீட்டில் ஒன்று இருக்கிறது. என் மாமியாருக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. எத்தனை ஆயிரம் தோசை அதில் வார்த்திருப்போமோ, கணக்கில்லை. ஆனால் அதன் கறுப்பு மட்டும் நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துப் பழகியதால்தான் நான் ஏமாந்து போனேன். இரும்பின் மேல் கறுப்பு ஏறிவிட்டால் அது போகவே போகாது என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்த எங்கள் பையன், அவன் அப்பாவுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தான். கத்தி என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். 'மல்ட்டி டூல்' என்று சொல்ல வேண்டுமாம். விரித்தால் நடுவில் ஒரு குறடு. இரண்டு பிடிகளுக்குள்ளும் கத்தி, ரம்பம், அரம், திருப்புளி, டின் திறக்கும் கொக்கி என்று ஒரு பட்டறையே மடங்கிக் கிடந்தது. விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள் என்று பெரிய பெட்டிக்குள், எனக்கு வாங்கிய ஸ்வெட்டருக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தான். உடம்பு முழுவதும் காக்கை இறகு மாதிரி மினுமினுவென்று ஒரே கறுப்பு.

இந்த மாதிரிச் சாமான் நமக்குப் புதிதா என்ன? என் மாமனார் அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன இரும்பு வளையம் தொங்கும். அதில் முள்வாங்கி, குறும்பிவாங்கி, ஒரு ஊசி. வயலுக்குப் போகிறவருக்கு அது போதும். ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் பட்டறை வைத்து, 1891-லிருந்து சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி செய்து கொடுத்தார். அமெரிக்காவில் டிம் லெதர்மன் என்பவர் 1975-ல் மனைவியோடு ஐரோப்பாவில் ஒரு பழைய ஃபியட் காரில் ஊர் சுற்றினாராம். கார் அடிக்கடி மக்கர் செய்ய, கையில் இருந்த பேனாக்கத்தியோடு ஒரு குறடும் சேர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதாம். அது கடைக்கு வந்தது 1983-ல். எட்டு வருஷம்! அந்த அம்மாள் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் பையன் வாங்கி வந்தது எந்தக் கம்பெனி சரக்கு என்பதை மட்டும் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அன்றிலிருந்து கை நிலைகொள்ளவில்லை. பம்ப் செட் பெட்டியில் ஒரு திருகு தளர்ந்தால் அது. கொடிக் கம்பியை முறுக்க அது. மாங்காய் நறுக்க, வாழைச் சருகைக் கழிக்க, பேப்பர் கட்டைப் பிரிக்கக்கூட அதுதான். ஜிப்பாப் பையில் சாவிக்கொத்தோடு அதையும் போட்டுக்கொண்டுதான் காஞ்சிபுரம் பஸ் ஏறுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரு தடவை விரித்துக் காட்டாமல் இறங்கியதில்லை என்று கேள்வி.

ஐந்தாவது மாதம் ஆரம்பித்தது வினை. முதலில் பிடியின் மூலைகள் வெளுத்தன. பிறகு குறட்டின் வாய். அப்புறம் கத்தியின் அலகில் தேமல் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"நீ புளி போட்டுத் தேய்த்தாயா?" என்று கேட்டார் இவர்.

"உங்கள் கத்தியை நான் ஏன் தொடுகிறேன்?" என்றேன் நான்.

வாஸ்தவத்தில் தொட்டிருந்தேன். முந்தின வாரம் ஊறுகாய்க்கு ஐம்பது எலுமிச்சம்பழம் நறுக்கும்போது அரிவாள்மணை மழுங்கியிருந்தது. கூடத்தில் அது கிடந்தது. நறுக்கினேன், அலம்ப மறந்து, இரவு முழுக்க அப்படியே போட்டுவிட்டேன். இதை உங்களிடம் சொல்கிறேன். அவரிடம் சொல்லத்தான் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் வீட்டில் பேச்சு, சாப்பாட்டுக்கு உப்பு போதுமா என்ற அளவோடு நின்றது.

என்னை அதிகமாக உறுத்தியது அது அல்ல. இவர் கத்தியைத் துடைத்து, பழைய வேஷ்டித் துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பையன், "அப்பா, டூல் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "புதுசு மாதிரியே இருக்குடா!" என்று சொல்லிவிட்டு, காமிராவை என் பக்கம் திருப்பிவிட்டார். மகன் ஆசையாகக் கொடுத்ததைப் பாழாக்கிவிட்டோம் என்று மனசுக்குள் குமைகிறார் என்று எனக்குத் தெரியாதா? வாரா வாரம் அந்தக் கேள்வி வரும் என்று பயந்து, பையனின் அழைப்பு வந்தாலே கொல்லைப் பக்கம் நழுவ ஆரம்பித்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தெருவில் மெக்கானிக்கல் வாத்தியார் ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய மனைவி மூலமாக விஷயத்தைப் போட்டு வைத்தேன். மனுஷர் மறு நாளே வந்து, சாக்பீஸ் இல்லாத குறைதான், கூடத்தில் உட்கார்ந்து ஒரு வகுப்பே நடத்திவிட்டார். புரிந்தவரையில் சொல்கிறேன்.

இந்தக் கறுப்பு பெரும்பாலும் பெயிண்ட் அல்லவாம். எஃகைக் காரச் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்பார்களாம். அப்போது இரும்பின் மேல் தோலே 'மாக்னடைட்' என்ற கறுப்புப் பொருளாக மாறிவிடுகிறது. துருவின் நல்ல தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகுக்குத் தொட்டியின் மருந்து கொஞ்சம் வேறு. ஆனால் அந்தத் தோலின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மைக்ரான், போனால் இரண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்குமோ இருக்காதோ! அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். அதில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் துருவைத் தடுக்கிறது. சாவிக்கொத்தும் மண்ணும் சேர்ந்து பையில் அரைத்தால் மூலைகள் முதலில் தேயும். எலுமிச்சை, புளி, மாங்காய்ப் பால் பட்டால், புளிப்பு அந்தக் கறுப்பைத் தின்றுவிடும்.

"போகாத கறுப்பே கிடையாதா?" என்று கேட்டேன்.

இருக்கிறதாம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட பெட்டிக்குள் வைத்து, வைரம் போன்ற கடினமான கரியைப் படியவைக்கிறார்கள். அதுவும் சில மைக்ரான் கனம்தான். ஆனால் சாவி உரசினால் அதற்கு ஒன்றும் ஆகாது. விலை கூடுதல். அதற்கும் ஒரு சங்கடம் உண்டு. கீழே இருக்கும் எஃகு மெத்தென்று அமுங்கினால் மேலே இருக்கும் கறுப்பு விண்டுபோகும். சாணை பிடிக்கிற இடத்திலோ எந்தக் கறுப்பும் நிற்காது. கல் தேய்ப்பதே மேல் தோலைத்தானே? பெயிண்ட் மாதிரிப் பூசும் கறுப்பும் உண்டு. அது கனமாகத்தான் இருக்கும். போகும்போது செதில் செதிலாகப் போகும்.

"இதற்குக் கறுப்பே எதற்கு?" என்றேன்.

சிப்பாய்கள் கையில் கத்தி பளபளத்தால் சத்துரு பார்த்துவிடுவான் என்று ஆரம்பித்த வழக்கமாம். எங்கள் கொல்லையில் கீரிப்பிள்ளையைத் தவிர யார் ஒளிந்திருக்கிறார்கள்?

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சி அடித்த இரும்பின் மேல் கறுப்பாகப் படிகிறதே, அதிலும் இந்த மாக்னடைட் இருக்கிறதாம். நம் அரிவாளைப் பாருங்கள்; உடம்பு கறுப்பு, வாய் வெள்ளை. வாய் வெளுத்துவிட்டதே என்று எந்தக் குடியானவனாவது அரிவாளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறானா? தோசைக் கல்லின் கறுப்பு வேறு ஜாதி. எண்ணெய் சூட்டில் இறுகி, பிசின் மாதிரி படிந்தது அது. அதுவும் தேய்கிறது, தினமும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தேய்ந்ததை நாமே திரும்ப ஏற்றிவிடுகிறோம். ஒரு நாள் அதில் புளிக்குழம்பைக் கொதிக்க வைத்துப் பாருங்கள், தெரியும் சங்கதி!

இரும்புத் தோல் என்றதும் எனக்கு டில்லி இரும்புத் தூண் ஞாபகம் வந்தது. குதுப்மினார் பக்கத்தில் நிற்கிறதே, அதுதான். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1,600 வருஷத்துப் பழசு. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புத் தோல் ஒன்று தானாக வளர்ந்து துருவைத் தடுக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். 1990-ல் நாங்கள் அங்கே போயிருந்தோம். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று அப்போது எல்லாரும் செய்வார்கள். எனக்குக் கை எட்டவில்லை. இவருக்கு எட்டியது. என்ன நினைத்துக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை; கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லாதவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த வருஷம் பையன் பிறந்தான்.

அப்படிக் கட்டிப் பிடித்தவர்களின் கை பட்டுப் பட்டுத் தூணின் கீழ்ப் பாகம் தேய்ந்து, நிறம் மாறிப் போய், 1997-ல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். அந்தத் தேய்மானத்தில் இவர் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னேன். பத்து நாளில் முதல் தடவையாக இவர் சிரித்தார். அந்தச் சந்தடியில் எலுமிச்சம்பழ விவகாரத்தையும் சொல்லிவிட்டேன்.

எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆண்பிள்ளைகளுக்குப் புரிவது வேறு, ரோஷம் வேறு. இந்த வருஷம் பொங்கலுக்குப் பையன் வருகிறான் என்றதும் என்ன செய்தார் தெரியுமா? எனக்குத் தெரியாமல் கத்தியை எடுத்துக் கறுப்புப் பூட்ஸ் பாலிஷைத் தடவி, துணியால் பளபளவென்று தேய்த்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

போகியன்று காலை, தோரணம் கட்ட நார் கிழிக்க வேண்டும் என்று பையன் கத்தியைக் கேட்டான். இவர் கம்பீரமாக எடுத்து நீட்டினார். வாங்கியவன் உள்ளங்கை கறுப்பு. மூக்கைத் துடைத்துக்கொண்டான், மூக்கு கறுப்பு. இவர் பதறிப்போய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பொங்கலுக்கென்று எடுத்த புது வேஷ்டி!

பையன் முகர்ந்து பார்த்தான். "அப்பா, இது பூட்ஸ் பாலிஷ் இல்லே?"

இவர் வாயே திறக்கவில்லை. நான்தான் எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இதுக்காகவா ஒரு வருஷமா என்கிட்டே போனில் பேசாம இருந்தீங்க?" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. இவர் வேஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து பாலிஷைச் சோப்புப் போட்டு அலம்பினார்கள். நன்றாகத் துடைத்து உலர்த்தி, மூட்டுகளில் என் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அடியில் துருப்பிடிக்காத எஃகு என்பதால், கறுப்பு போன இடத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. சாதாரண எஃகாக இருந்தால் அந்த இடங்களில் எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைத்து வைக்க வேண்டுமாம். உங்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். வெளுத்த மூலைகளைப் பையன் விரலால் தடவிப் பார்த்தான். "அடுத்த தடவை கெட்டிக் கறுப்பா ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

"எதுக்குடா? இதுவே கைக்குப் பழகிப் போச்சு" என்றார் இவர்.

இப்போது கத்தி மறுபடியும் ஜிப்பாப் பையில்தான் வாசம். சாவிக்கொத்துக்கு மட்டும் நான் தனிப் பை தைத்துக் கொடுத்திருக்கிறேன். எலுமிச்சம்பழத்துக்கு அரிவாள்மணையைச் சாணை பிடித்தாயிற்று. அந்த வேஷ்டியைத்தான் நானும் மூன்று விதமாக வெளுத்துப் பார்த்துவிட்டேன். மடியில் பட்ட கறுப்பு அசைந்து கொடுக்கவில்லை.